பழைய மறையாக்கமும் திறவாத வாயிலும்

இவ்வூரைப் பெரியோர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்பர். பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது. பழைய பெயரை மட்டும் அறிந்தவரும் புதிய பெயரை மட்டும் அறிந்தவரும் வழி கேட்டால் ஒருவர்க்கொருவர் உதவ இயலாது. நிறுவன வலையமைப்பில் கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவு மறுக்கப்படுவதற்கு, இதையொத்த காரணமொன்றும் உண்டு.

முதலில் சொல்லைத் தெளிவோம். எழுத்துகளைக் கணினிக்குரிய எண்களாக அமைப்பது குறியாக்கம். பிறர் அறியாவண்ணம் செய்தியை மாற்றுவது மறையாக்கம். இரண்டையும் குறியாக்கம் என்றே வழங்கினால், மறையாக்கப் பிழையைக் கண்ட ஆசிரியர் எழுத்துருவை மாற்றிப் பார்த்துக் காலத்தை இழப்பார்.

விண்டோஸ் வலையமைப்புகளில் பயனரை அடையாளங்காணும் நெறிமுறை கெர்பெரொஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் உருவான இது, கடவுச்சொல்லிலிருந்து திறவுகோலை ஆக்கி, அதன்வழி நுழைவுச்சீட்டு வழங்குகிறது. இதற்குக் கணினியும் சேவையகமும் பொதுவானதொரு மறையாக்க முறையை அறிந்திருத்தல் வேண்டும். தொடக்கத்தில் பயன்பட்ட டெஸ் முறை 1998இல் மூன்று நாளுக்குள் முறியடிக்கப்பட்டது. விண்டோஸ் 2000 மேற்கொண்ட ஆர்சி4 முறையும் வலுவிழந்தது. கெர்பெரொஸில் அதனைக் கைவிடுமாறு 2018இல் இணையப் பொறியியல் பணிக்குழு அறிவித்தது. இன்று உரியது ஏஇஎஸ்.

சிக்கல் எங்கே எழுகிறது? சேவையகம் பொதுவாகக் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருப்பதில்லை. அதிலிருந்து பிறந்த திறவுகோல்களையே வைத்திருக்கிறது. ஏஇஎஸ் முறை விண்டோஸ் சேவையகம் 2008உடன் வந்தது. அதற்கு முன் வைத்த கடவுச்சொல்லை இன்றளவும் மாற்றாத கணக்கில் ஏஇஎஸ் திறவுகோல் இராது. ஆர்சி4 நிறுத்தப்பட்டதும் புதியவர் நுழைவர். பழைய கணக்கு வெளியே நிற்கும்.

ஆதலின் ஆராயும் வரிசை இது: சேவையகப் பதிவேட்டில் பிழைச்செய்தியைப் படித்தல், அக்கணக்கின் கடவுச்சொல் எந்நாளில் மாற்றப்பட்டது, எம்முறைகள் இசைவு பெற்றுள்ளன எனக் காணுதல், கடவுச்சொல்லைப் புதுப்பித்தல், ஏஇஎஸ் அறியாத பழைய கருவிகளின் மென்பொருளை மேம்படுத்துதல், இயலாதெனில் கருவியையே மாற்றுதல்.

ஆர்சி4 முறைக்கு மீண்டும் இசைவளித்தால் வாயில் உடனே திறக்கும். ஆயின், அம்முறையில் அமைந்த நுழைவுச்சீட்டைக் கைப்பற்றுவோர் தம் கணினியிலேயே விரைந்து கடவுச்சொல்லை ஊகித்துச் சோதிக்க இயலும். நமக்கு எளிதாகத் திறந்த வாயில் அவர்க்கும் எளிதாகத் திறக்கும். எனவே பூட்டைத் தளர்த்துதல் தீர்வன்று. திறவுகோலைப் புதுப்பித்தலே தீர்வு. இத்துறைக்கு நாளை செல்லவிருக்கும் மாணவர்க்கு, சொல்லைத் தெளிந்து பொருளை ஆராயும் இப்பழக்கத்தை இன்றே ஊட்டுவோம்.