லைசென்ஸ் வந்தாச்சு, வண்டியை எங்கே நிறுத்துறது?

பூந்தமல்லி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தேர்வு முடிந்து, டி.என். 12 பகுதி முகவரியோடு ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்துவிட்டது. செல்போனில் டிஜிலாக்கரிலும் ஏற்றியாயிற்று. குமணன்சாவடியிலிருந்து போரூர் வரை ஓட்டிக்கொண்டும் போய்விடலாம். ஆனால் போன இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டுமே! "ஓட்டுறதெல்லாம் ஓகே, பார்க்கிங்னு வந்தாதான் கை நடுங்குது" என்று புதிதாக உரிமம் பெற்ற பலரும் சொல்வார்கள். யாராவது கீழே இறங்கி, "வா... வா... லெஃப்ட் ஒடி... போதும் போதும்" என்று கை காட்டினால்தான் வண்டி உள்ளே போகும். கை காட்ட ஆள் இல்லாத நாளில் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஏறுகிறவர்களும் உண்டு.

அது அவரவர் வசதி, விட்டுவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இடுக்கில் நுழைக்கப் பயப்படுகிறவர் வண்டியை எங்கே விடுவார்? எங்கே சுலபமோ அங்கே: மெயின் ரோட்டின் ஓரத்தில், பஸ் நிற்கிற இடத்தில், கடை வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே. அதைச் சுற்றிக்கொண்டு போக, ஸ்கூட்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வரும் அம்மா லாரியின் பக்கம் ஒதுங்க வேண்டியிருக்கிறது. பார்க்கிங் பயம் பம்பரில் கீறல் விழும் பிரச்சினை மட்டும் இல்லை என்பது அதனால்தான்.

நம்ம பகுதிச் சாலையையே பாருங்கள். போரூரிலிருந்து காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி வழியாகப் பூந்தமல்லிக்குப் போகும் சாலையின் மேலேதான் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 4ஆவது வழித்தடம், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை, போகிறது. குமணன்சாவடிக்கும் ஒரு நிலையம். நடுவில் தூண்கள் நிற்கும் சாலையில் இடப்பக்கம் ஒரு கார் நின்றுவிட்டால், பின்னால் வரும் மாநகரப் பேருந்துக்கு வலப்பக்கம் விலக இடம் குறைவு. ஒரே ஒரு கார் போதும், பின்னால் வரிசை கட்டிவிடும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 122ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடையூறோ வரும்படி வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்கிறது. சாலைச் சந்திப்பு, வளைவு, நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் கோடு, பஸ் நிறுத்தம், பள்ளி மற்றும் மருத்துவமனை வாசல், அடுத்தவர் வீட்டு கேட், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கவாட்டில் இரண்டாவது வரிசை, இவை எல்லாமே நிறுத்தக் கூடாத இடங்கள். போர்டு இல்லையே என்று சொல்ல முடியாது. போர்டு இருந்தால் அதையும் சரியாகப் படிக்க வேண்டும். நீல வட்டத்தில் சிவப்புக் கோடு ஒன்று என்றால் வண்டியை விட்டுப் போகக் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல் இருந்தால் ஒரு நிமிடம் நிற்கவும் கூடாது. "ஆள் இறக்கிட்டுப் போயிடுறேன் சார்" என்பது முதல் போர்டுக்கு ஒத்துவரும், இரண்டாவதற்கு வராது.

தனித் தண்டனை குறிப்பிடப்படாத விதிமீறல்களுக்கு 177ஆவது பிரிவு பொருந்தும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் வரை. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும், சக்கரத்துக்குப் பூட்டுப் போடவும் சீருடையில் உள்ள காவல் அலுவலர் அனுமதிக்கலாம் (பிரிவு 127). இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் யாரும் இல்லாமல் கடைக்குள் போய் வருவதும் தவறுதான் (பிரிவு 126).

சரி, நிறுத்தும் வித்தைக்கு வருவோம். இது பிறவித் திறமை இல்லை. சொல்லப்போனால் பயிற்சிப் பள்ளியின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன்படி கார் பயிற்சி 21 நாட்களுக்குக் குறையக் கூடாது, அதில் நேரடியாக ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. ரிவர்ஸ் எடுப்பது, சாலையோரம் இணையாக நிறுத்துவது, சாய்வாகவும் செங்குத்தாகவும் நிறுத்துவது எல்லாம் அந்தப் பாடத்தில் வருகின்றன. ஓட்டுநர் தேர்விலும், வண்டியைப் பின்னோக்கி எடுத்து ஒரு குறுகிய இடத்துக்குள் கட்டுப்பாட்டோடு நுழைப்பது ஓர் அம்சம். ஆகவே பணம் கட்டிச் சேர்ந்திருக்கும் போதே, "சார், இன்னைக்கு பார்க்கிங் மட்டும் சொல்லிக் கொடுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. அந்த வண்டியில் பயிற்சியாளர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. அந்தத் துணை சொந்த வண்டியில் கிடைக்காது.

உரிமம் வாங்கிய பிறகு பழக விரும்புகிறவர்கள் அளவிலிருந்து தொடங்குவது நல்லது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய கார்கள் 4 மீட்டருக்குள் இருக்கும், அகலம் சுமார் 1.7 மீட்டர். அப்படியென்றால் நடுவில் நிறுத்தினால் இருபுறமும் தலா 40 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. பயந்த மனதுக்கு அது நூலிழை மாதிரி தெரியும். தரையில் சாக்பீஸால் அந்தச் செவ்வகத்தை வரைந்து, காரை நடுவில் நிறுத்தி, இறங்கி ஒரு சுற்று நடந்து பாருங்கள். "இவ்வளவு இடம் இருக்கா!" என்று தோன்றும். உள்ளே உட்கார்ந்து கண்ணாடியில் பார்க்கும் தூரமும், வெளியே நின்று பார்க்கும் தூரமும் வேறு வேறு என்பதும் அப்போதே பிடிபடும்.

மூலைகளுக்குக் காலி தண்ணி கேன் நான்கு போதும். கேன் உயரம் குறைவு, உள்ளிருந்து தெரியாது, அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு துடைப்பக்கட்டையோ குச்சியோ செருகி வையுங்கள். இடித்தாலும் செலவில்லை. குடியிருப்பு வளாகமோ காலி மனையோ, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிறு காலையில் அரை மணி நேரம். பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் வேண்டாம்.

பழக வேண்டிய முதல் விஷயம் ஸ்டீயரிங் இல்லை, வேகம். பார்க்கிங்கில் ஆக்ஸிலரேட்டருக்கு ஏறக்குறைய வேலையே கிடையாது. கியர் வண்டியில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டி நகரும். ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் பிரேக்கை லேசாக விட்டாலே ஊரும். நடக்கிறவரை விட மெதுவாக ஊர்ந்தால், பார்க்கவும் யோசிக்கவும் நேரம் கிடைக்கும், தவறாகப் போனாலும் ஒரு சாணுக்குள் நிறுத்திவிடலாம். வலது கால் எப்போதும் பிரேக்கின் மேலேயே. பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து சுவரில் மோதுவது பார்க்கிங்கில் நடக்கும் மிக மோசமான விபத்து. ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைக் கூடுதலாக மனதில் வைக்க வேண்டும்.

அடுத்து, தலைகீழாகத் தோன்றும் ஓர் உண்மை: முன்பக்கமாக நுழைவதை விட ரிவர்ஸில் நுழைவதுதான் சுலபம். திரும்புவது முன்சக்கரம் மட்டுமே. முன்னால் போகும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அபார்ட்மெண்ட் தூணில் பின்கதவு உரசுவதற்குக் காரணம் அதுதான். மூக்கு தூணைத் தாண்டிவிட்டது என்று நினைத்து ஒடிப்போம், இடுப்பு மாட்டிக்கொள்ளும். ரிவர்ஸில் பின்பக்கம் முதலில் இடத்துக்குள் போய்விடுகிறது, பிறகு மூக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். ஒடிக்கும்போது மூக்கு வெளிப்பக்கம் வீசும், அதை மட்டும் ஒரு கண் பார்க்க வேண்டும். கிளம்பும்போது முகம் ரோட்டைப் பார்த்திருக்கும் என்பது கூடுதல் லாபம்.

இடப்பக்கம் ஓர் இடம் காலியாக இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டும்போதே மூக்கை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி நிறுத்தினால், வண்டியின் பின்பக்கம் அந்த இடத்தைப் பார்த்துவிடும். பாதி வேலை அதிலேயே முடிந்தது. பிறகு ரிவர்ஸ் போட்டு இடப்பக்கம் ஒடித்து ஊர்ந்தால், இடக் கண்ணாடியில் கோடும் வண்டியும் இணையாகத் தெரியும் இடம் வரும். அங்கே ஸ்டீயரிங்கை நேராக்க வேண்டும். இடக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பின்சக்கரம் தெரியும்படி வைத்துக்கொள்வது உதவும், கிளம்பும் முன் பழையபடி மாற்றிவிடுங்கள்.

சாலையோரம் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நுழைவதைக் கடைசியாகப் பழகலாம். உங்கள் வண்டியைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் முயலுங்கள். முன்னால் நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளி, இரண்டு பின் பம்பரும் ஒரே கோட்டில் வரும்படி நின்று, இடப்பக்கம் முழுதாக ஒடித்துப் பின்னால் வாருங்கள். வண்டி பாதிச் சாய்வுக்கு வந்ததும் நேராக்கி இன்னும் கொஞ்சம். உங்கள் இட மூக்கு அந்த வண்டியின் பின் பம்பரைத் தாண்டியதும் வலப்பக்கம் முழுதாக. சரியாக வரவில்லையா, வெளியே எடுத்து மறுபடி செய்யுங்கள். மூன்று முறை முன்னும் பின்னும் எடுப்பது குறையே இல்லை. அனுபவசாலிகளும் எடுக்கிறார்கள், நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் பின்னால் ஒருவர் ஹாரனில் கை வைத்துவிடுவார். நம்ம ஊரில் இதுதான் பாதிப் பயத்துக்குக் காரணம். இண்டிகேட்டரை முன்கூட்டியே போடுங்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியட்டும். போக வழி இருந்தால் நின்று அவரை விட்டுவிடுங்கள். வழி இல்லை என்றால் அவர் இருபது வினாடி காத்திருக்கட்டும். ஹாரனுக்குப் பயந்து எடுக்கும் வேகம்தான் பைக்கை இடிக்கிறது.

2019 ஜூலை 1 முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பீப் சத்தம் நல்ல துணை, ஆனால் முழுக் கண் இல்லை. மெல்லிய கம்பி, கட்டிய கயிறு, தாழ்ந்த திண்டு, திறந்த கால்வாய் இவற்றை அது தவறவிடலாம். பின் கண்ணாடிக்குக் கீழே மறையும் பகுதியில் ஒரு சின்னக் குழந்தை உட்கார்ந்திருந்தால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாமல் போகக்கூடும். வீட்டு வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குப் பதில் எந்தக் கருவியும் கிடையாது.

நிறுத்தியாயிற்று, இனி இறங்க வேண்டியதுதான் என்று கதவைத் திறப்பதுதான் பலரும் யோசிக்காத ஆபத்து. இடது ஓரம் நின்ற காரில் ஓட்டுநரின் வலக்கதவு நேராகப் போக்குவரத்துக்குள் திறக்கும். பின்னால் வரும் பைக்காரருக்குப் பிரேக் பிடிக்க நேரமே இருக்காது. கதவில் மோதினாலும் விபத்து, தவிர்க்க ஒடித்தால் பின்னால் வரும் பஸ். நெதர்லாந்தில் சொல்லித்தரும் பழக்கம் ஒன்று இதற்குக் கைகொடுக்கும். கதவுக்குப் பக்கத்தில் இல்லாத கையால் திறப்பது. நம் ஊரில் ஓட்டுநருக்கு அது இடக்கை. இடக்கையை வலக்கதவுக்கு நீட்டினால் உடம்பு தானாகத் திரும்பும், கண் தோளுக்குப் பின்னால் பார்க்கும். பின்சீட்டில் இருக்கும் பாட்டியிடமும் பிள்ளைகளிடமும், "இடது பக்கமா இறங்குங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் உரசும். அடுத்தவர் வண்டி என்றால் அவர் வரும் வரை நில்லுங்கள், அல்லது பெயரும் எண்ணும் எழுதி வைப்பரில் செருகிவிட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் சின்னக் கீறல் என்றால் உடனே இன்சூரன்ஸ் கேட்க வேண்டாம். கிளைம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பிறகு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், தொடர்ந்து கிளைம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை ஏறும். கிளைம் செய்தால் அது போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அபராதம் வந்திருக்கிறதா என்று சந்தேகமா? பரிவாஹன் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து நீங்களே பார்க்கலாம், அங்கேயே கட்டலாம். "நோ பார்க்கிங் செலான், இந்த ஃபைலைத் திறக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் வந்தால் தொடவே வேண்டாம். அது போனில் நுழைந்து வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி. அரசுத் தள முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். தெரியாமல் திறந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.