கோப்பையில் ஒளிந்த அரசியல்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரானாலும் சரி, இடுக்கியின் மறையூரானாலும் சரி, எல்லையோரத் தமிழ் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது பழைய வழக்கம். யார் கொடுத்தது, எந்தத் தேதியில் என்பதை டம்ளரே சொல்லிவிடும்.

கோப்பையில் அரசியலையே வெட்டியவர்களும் உண்டு - 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில். 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் அரியணை இழந்து நாட்டை விட்டு ஓடினார். அவர் வம்சமே திரும்பி வர வேண்டும் என்று விரும்பியவர்கள் 'ஜாக்கோபைட்'கள். ஸ்காட்லாந்தில் இவர்களுக்கு ஆதரவு அதிகம். ஆனால் வாய் திறந்து சொன்னால் ராஜத்துரோகம். ஆகவே ஒயின் கோப்பைகள் பேசின.

கோப்பையில் ஒரு ரோஜா. பக்கத்தில் ஒன்றிரண்டு மொட்டுகள். ரோஜா மன்னர் உரிமையையும், மொட்டுகள் வாரிசுகளையும் குறிப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். சிலவற்றில் 'ஃபியாட்' என்ற லத்தீன் சொல் இருக்கும். 'அப்படியே ஆகட்டும்' என்று அர்த்தம். விருந்தில் "மன்னர் வாழ்க" என்று குடிக்கும்போது கோப்பையைத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலாக நீட்டுவார்களாம். வாழ்த்து, கடலுக்கு அப்பால் இருக்கும் மன்னருக்கு!

1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை பெற்ற ஈயம் கலந்த கண்ணாடி இந்த வேலைக்குத் தோதாக இருந்தது. சுழலும் செப்புச் சக்கரத்தில் எண்ணெயும் தேய்ப்புப் பொடியும் பூசிச் செதுக்கினார்கள். வைர முனையால் பாட்டே எழுதிய 'ஆமென்' கோப்பைகளும் உண்டு. இன்று இருப்பவை 40க்கும் குறைவு. அதனால்தான் பழைய வெறும் கோப்பையில் புதிதாக ரோஜா வெட்டி விற்கும் மோசடிகளும் நடந்தன.

1746 ஏப்ரல் 16இல் கலோடன் போரில் ஜாக்கோபைட்கள் தோற்றார்கள். கட்சி போயிற்று, கோப்பைகள் நிலைத்தன.

ஸ்காட்லாந்து மூணாறுக்குப் புதிதல்ல. கிளாஸ்கோவின் ஃபின்லே கம்பெனி இங்கே தேயிலைத் தோட்டங்களை நடத்தியது. அவற்றில் உழைத்த தமிழர்களுக்கும் தோற்றுப்போன அரசியல் ஒன்று உண்டு. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. 1956 நவம்பர் 1 முதல் இரண்டும் கேரளத்தில்.

அந்தத் தலைமுறையின் பித்தளை டம்ளர்கள் பரணில் கிடக்கலாம். பழைய பாத்திரக்காரர் பார்ப்பது எடையை மட்டும்தான். தராசில் ஏற்றுமுன், அதிலுள்ள பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. தோற்றவர்கள் கதை பல நேரம் பாத்திரத்தில்தான் மிஞ்சுகிறது.