காத்திருக்கும் செய்நிரல்

செய்நிரல் எழுதக் கற்போர் முதலிற் பயில்வது பெரும்பாலும் வினாவிடை முறையாகும். செய்நிரல் வினாவொன்றைத் திரையில் எழுதும். பயன்படுத்துவோர் விடையைத் தட்டச்சுச் செய்வர். கணினி கணித்து முடிவைக் காட்டி ஓயும். எது முன், எது பின் என்பதைச் செய்நிரலே வகுத்துவிடுகின்றது. சாளரமும் பொத்தானும் உடைய வரைவியற் செய்நிரலை முதன்முறையாக எழுதப் புகும் மாணவன் இவ்வொழுங்கு தலைகீழாவதைக் காண்பான். அங்கே முறைமையை வகுப்பவர் பயன்படுத்துவோர். செய்நிரலோ அவர் ஏவலுக்குக் காத்திருக்கின்றது. இதனை உணராதார்க்குச் சாளரத்தை அமைத்தல் எளிது. அதனைப் பயன்படச் செய்தல் அரிது.

இம்முறையின் வரலாறு நெடியதன்று. 1968ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பாட் என்பார் சுட்டியைக் கொண்டு கணினியை இயக்கி அறிஞர் அவையிற் காட்டினார். 1973இல் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் ஆல்ரோ என்னும் கணினி உருவாயிற்று. 1984இல் வெளிவந்த மக்கின்ரொஷ் கணினி வரைவியல் இடைமுகத்தைப் பொதுமக்களிடையே பரப்பியது. பின்னர் ஜோன் ஊஸ்டர்ஹவுட் என்பார் ஆக்கிய ‘ரிகே’ என்னும் கருவித்தொகுதி, ‘ரிகிண்டர்’ என்னும் பெயரிற் பைதன் மொழியின் நியம நூலகத்தில் இடம்பெற்றுள்ளது. முதன்முறை முயல்வார்க்கு அது போதுமானது.

பரனைற்று அளவையிலுள்ள வெப்பநிலையைச் செல்சியசு அளவைக்கு மாற்றும் சிறு செய்நிரலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதற்கு வேண்டும் உறுப்புகள் நான்கு: சாளரம், எண்ணை எழுதும் பெட்டி, ‘மாற்றுக’ என்னும் பொத்தான், விடையைக் காட்டுஞ் சிட்டை என்பன. இவற்றை ஆக்குதல் ஒரு செயல். சாளரத்துள் இடங்குறித்து வைத்தல் பிறிதொரு செயல். இடங்குறிக்கப்படாத உறுப்புத் திரையில் தோன்றாது. ஈற்றில் ‘மெயின்லூப்’ என்னும் கட்டளையை எழுதுதல் வேண்டும். செய்நிரலைக் காத்திருக்கச் செய்வது அதுவே. சாவி அழுத்தப்படுதல், சுட்டி சொடுக்கப்படுதல் முதலிய நிகழ்வுகள் ஒவ்வொன்றாக வந்து சேர, செய்நிரல் அவ்வவற்றுக்குரிய பணியைச் செய்து மீண்டுங் காத்திருக்கும். அக்கட்டளை இல்லையாயின், செய்நிரல் இறுதி வரியை அடைந்து முடிய, சாளரமும் உடன் மறையும்.

பொத்தானையும் பணியையும் இணைக்கும் இடத்திலேயே கற்போர் பெரிதும் இடறுவர். பணியைச் செய்யும் சார்பின் பெயரை மட்டுமே பொத்தானிடம் கொடுத்தல் வேண்டும். பெயரின் பின் அடைப்புக்குறிகளை இட்டால், அது ‘இப்பொழுதே செய்’ என்னும் ஏவலாகிவிடும். பொத்தான் ஆக்கப்படும் வேளையிலேயே சார்பு ஒருமுறை இயங்கி ஓயும். பின்னர் அழுத்தினும் ஒன்றும் நிகழாது. ஒருவனை அழைத்தலுக்கும், வேண்டும்பொழுது அழைக்குமாறு அவன் பெயரைக் கொடுத்து வைத்தலுக்கும் உள்ள வேறுபாடே இது.

இனிக் கணிப்பு. பரனைற்று எண்ணிலிருந்து 32ஐக் கழித்து, 5ஆற் பெருக்கி, 9ஆல் வகுத்தல் வேண்டும். ஆயின் பெட்டி தருவது எழுத்துத்தொடரேயன்றி எண்ணன்று. அதனை முதலில் எண்ணாக மாற்றுதல் இன்றியமையாதது. கணிப்பைத் தனிச் சார்பாக எழுதிவைப்பின், சாளரமின்றியே அதனைச் சோதித்தறியலாம். 32 பாகைக்கு 0, 212 பாகைக்கு 100, −40 பாகைக்கு −40 என விடைகள் வருதல் வேண்டும்.

விடைகள் சரியாக வந்ததும் பணி முடிந்ததெனக் கருதுதல் தவறு. காய்ச்சல் கண்ட ஒருவரின் வெப்பநிலையை இச்செய்நிரல் கொண்டு மாற்றுவதாகக் கருதுக. முதலில் 98.6 என எழுத, 37 என்னும் விடை தோன்றுகின்றது. சில மணி நேரத்தின் பின் வெப்பமானி 102.2 எனக் காட்டுகின்றது. எழுதுபவர் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளியை இட்டுவிடுகின்றார். அத்தொடர் எண்ணாக மாறாது. சார்பு இடையில் நின்றுவிடும். வழுச்செய்தி கட்டளைத் திரைக்குச் செல்லுமேயன்றிச் சாளரத்தில் தோன்றாது. சாளரத்திலோ பழைய 37 அப்படியே நிற்கும். உண்மையில் 39 பாகைக் காய்ச்சல் உள்ளவருக்குக் காய்ச்சலே இல்லையென்று அச்சாளரம் சான்று பகர்கின்றது! கணிப்பிற் பிழையில்லை, பிழை, பழைய விடையைப் புதிய வினாவின் அருகே நிற்கவிட்டமையே. ஆதலின் பொத்தான் அழுத்தப்பட்டவுடன் முதலிற் பழைய விடையை அழித்தல் வேண்டும். எண்ணாக மாறாத தொடராயின், ‘எண்ணைப் புள்ளியிட்டு எழுதுக’ எனச் சாளரத்திலேயே அறிவித்தல் வேண்டும்.

வினாவிடைச் செய்நிரலில் ஒவ்வொரு விடையும் தன் வினாவின் கீழே நிற்பதால் இம்மயக்கத்துக்கு இடம் குறைவு. சாளரமோ சற்று முன் காட்டியதையே இன்னும் காட்டிக்கொண்டிருக்கும் இயல்பினது. ஆகவே, பயன்படுத்துவோர் எவ்வொழுங்கில் எதனைச் செய்யினும் திரையில் நிற்பது மெய்யாகவே இருக்குமாறு பார்த்தல் செய்நிரல் எழுதுவோனின் கடமையாகின்றது. முப்பது வரிகளுள் அடங்கும் முதற் செய்நிரலிலேயே இக்கடமையைப் பயின்றவன், பின்னர்ப் பெரியன இயற்றும்பொழுதும் அதனை மறவான்.