முகூர்த்த நாளும் முகாம் நாளும்

கல்யாணம் என்றால் முதலில் பஞ்சாங்கம். பிறகு சத்திரம், சமையல்காரர், நாதஸ்வரம், பத்திரிகை. பெங்களூர்த் தமிழர் வீடுகளில் இதுதான் வழக்கம். ஆனால் சில வீடுகளில் பஞ்சாங்கத்தைத் தொடுவதற்கு முன்னால் வேறு ஒரு காகிதத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது பட்டாலியன் அலுவலகத்திலிருந்து வரும் முகாம் கடிதம்.

மாப்பிள்ளை பீனியாவில் ஒரு தொழிற்சாலையில் டர்னர் என்று வைத்துக்கொள்வோம். பெண் ஜீவனஹள்ளிப் பக்கம். ஒரு தனியார் அலுவலகத்தில் குமாஸ்தா. ஜாதகம் பொருந்தியாயிற்று. காபி குடித்து டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகச் சொல்கிறார்: "பையன் டெரிடோரியல் ஆர்மியிலும் இருக்கிறானுங்க."

வந்தவர்கள் போன பிறகு பெண்ணின் தாயார் கணவரிடம் கேட்பார்: "என்னங்க, பாதி நேரப் பட்டாளம்னா என்னங்க அர்த்தம்? சண்டைக்குப் போவாரா, மாட்டாரா?"

கேட்க வேண்டிய கேள்விதான்.

ராஜாஜி தொடங்கி வைத்த படை

டெரிடோரியல் ஆர்மி என்கிற பிரதேச ராணுவம் 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. இன்றும் அக்டோபர் 9-ந் தேதியைத்தான் அந்தப் படையின் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இதில் சேர ஒருவருக்குச் சொந்தமாக வேலையோ தொழிலோ இருக்க வேண்டும். வயது 18 முதல் 42 வரை. வேலையில்லாதவர்களுக்குச் சோறு போடும் இடம் இது அல்ல. உத்தியோகம் பார்க்கிறவர் வருஷத்தில் கொஞ்ச நாள் உடுப்பு மாட்டிக்கொண்டு பயிற்சி பெற்று, நாட்டுக்குத் தேவை வரும்போது வந்து நிற்க வேண்டும் என்பதே ஏற்பாடு. காலாட்படைப் பிரிவுகளில் வருஷாந்திர முகாம் இரண்டு மாதம். ரயில்வே, எண்ணெய்க் கம்பெனி போன்ற இலாகாப் பிரிவுகளில் ஒரு மாதம்.

தமிழ்நாட்டில் கோயமுத்தூரில் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 110-வது பட்டாலியன் இருக்கிறது. பக்கத்துக் கோழிக்கோட்டில் 122-வது. நம் பெங்களூரிலேயே பாராசூட் ரெஜிமெண்டைச் சேர்ந்த 106-வது பட்டாலியன் உண்டு. கிரிக்கெட் வீரர் தோனிக்கு 2011-ல் பிரதேச ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தார்களே, அவர் 2019-ல் காஷ்மீரில் ஜூலை 31 முதல் ஆகஸ்டு 15 வரை பணியாற்றியது இந்த 106-வது பட்டாலியனோடுதான். தோனிக்குக் கிடைத்தது கௌரவப் பதவி. டர்னருக்கு அப்படி அல்ல. அவர் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்.

அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம் இருப்பதால் பெங்களூர்த் தமிழருக்குப் பட்டாளம் புதிதல்ல. கண்டோன்மெண்ட் 1809-ல் உருவான காலத்திலிருந்து தண்டுப் பகுதித் தமிழரின் பிழைப்பு ராணுவத்தை ஒட்டியே வளர்ந்தது. சாப்பர்களுக்கு 'தம்பி' என்றே செல்லப் பெயர். ஆனாலும் முழு நேரப் பட்டாளத்து மாப்பிள்ளையை எப்படி எடைபோடுவது என்று தெரிந்த வீடுகளுக்குக்கூட இந்தப் பாதி நேர மாப்பிள்ளை கொஞ்சம் குழப்பம்தான்.

பன்னிரண்டில் எத்தனை மிச்சம்?

இனிக் கணக்குக்கு வருவோம். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் போயிற்று. பங்குனி வேண்டாம் என்கிற வீடுகளும் உண்டு. ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தால் அதுவும் தள்ளுபடி. மிஞ்சிய மாதங்களில் செவ்வாய், சனி கழித்து, வளர்பிறை முகூர்த்தமாகப் பார்த்து, பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சந்திராஷ்டமம் இல்லாத நாளாகத் தேடினால் மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் தேறும்.

பெங்களூரில் இன்னொரு சங்கடம். சம்பந்தி வீட்டில் கன்னடக்காரர் உறவு இருந்தால் அவர்கள் ஆஷாடம் பார்ப்பார்கள். நம் ஆடி சூரியக் கணக்கு. ஜூலை நடுவில் பிறக்கிறது. அவர்கள் ஆஷாடம் சந்திரக் கணக்கு. அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. பெரும்பாலும் ஆடிக்கு முன்பே வந்துவிடும். 2025-ல் ஜூன் கடைசி வாரத்திலேயே ஆஷாடம் தொடங்கிவிட்டது. ஆடி முடிந்தது ஆகஸ்டு நடுவில். இரண்டையும் மதிக்கிற வீட்டுக்கு ஏழு வாரம் ஒரேயடியாகப் போய்விட்டது.

இதில் முகாம் இரண்டு மாதத்தையும் கழியுங்கள். முகாம் ஆடியிலோ மார்கழியிலோ விழுந்தால் அதிர்ஷ்டம். தையிலும் வைகாசியிலும் விழுந்தால்? பட்டாலியன் அலுவலகம் பாம்புப் பஞ்சாங்கம் பார்த்து முகாம் போடுவதில்லை.

ஆகவே, சத்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு முகாம் தேதியை விசாரிக்கக் கூடாது. முகாம் தேதியை எழுத்தில் தெரிந்துகொண்ட பிறகே சத்திரத்து வாசற்படி ஏற வேண்டும். சத்திரக்காரர் தேதி மாற்றினால் அட்வான்ஸைத் திருப்பித் தருவார் என்று யாரும் நம்ப வேண்டாம். முகாம் தொடங்குவதற்கு முதல் நாள் கல்யாணம் வைப்பதும் சரியல்ல. முகாம் முடிந்து வந்த மறுநாள் வைப்பதும் சரியல்ல. திரும்பும் ரயில் தாமதமானால் மாப்பிள்ளை அழைப்புக்கு மாப்பிள்ளை இருக்க மாட்டார். இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி வேண்டும்.

உறவினர் டிக்கெட்டையும் யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான். முன்பு 120 நாள் இருந்தது. திருநெல்வேலியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்களுக்குத் தேதி உறுதியாகத் தெரிந்தால்தான் அந்த அறுபதாம் நாள் காலையில் டிக்கெட் எடுக்க முடியும்.

பதிவுத் திருமணம் செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில், இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்த பிறகு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நோட்டீஸ் கொடுத்துவிட்டு இரண்டு மாத முகாமுக்குப் போகிறவர் திரும்பும்போது கையில் இருப்பது ஏறத்தாழ ஒரு மாதம். முடியாதது அல்ல. ஆனால் அசந்தால் போயிற்று.

லீவு யார் கொடுப்பது?

முகாம் தேதியைவிடப் பெரிய தலைவலி லீவு. பிரதேச ராணுவச் சட்டத்தில் முதலாளிக்கு ஒரு கடமை இருக்கிறது. சேவைக்குப் போனவர் திரும்பி வந்ததும், முன்பிருந்ததைவிடக் குறைவில்லாத நிலையில் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் ஆறு மாதச் சம்பளத்துக்கு மிகாத நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவிட வழி உண்டு. முகாம் நாட்களில் சம்பளமும் ரேஷனும் ராணுவம் தருகிறது.

சட்டம் காப்பது முகாமை. கல்யாணத்தை அல்ல.

இரண்டு மாதம் முகாமுக்குப் போய்வந்த தொழிலாளி, மறுமாதமே "எனக்குக் கல்யாணம், பத்து நாள் லீவு வேண்டும்" என்று சூப்பர்வைசரிடம் நின்றால் என்ன நடக்கும்? "இப்போதுதானேய்யா வந்தாய்?" என்பார். முகாம் விடுமுறை அல்ல. அதிகாலையில் எழுந்து ஓடி, மூட்டை சுமந்து, வெயிலில் துப்பாக்கி பழகிவிட்டு வந்திருக்கிறார் அவர். ஆனால் ஷாப் ஃப்ளோரில் அவருடைய மெஷின் இரண்டு மாதம் சும்மா இருந்தது மட்டும்தான் தெரியும். தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், முகாமுக்குப் போகும் முன்பே கல்யாண லீவையும் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிய நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

முகாம் நடுவில்தான் முகூர்த்தம் அமைந்தது என்றால், கமாண்டிங் ஆபீசருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்திரிகையையும் இணைக்கலாம். தருவதும் தராததும் அவர் கையில். கேட்காமல் வந்துவிடலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. முகாமில் இருக்கும்வரை அவர் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர். சொல்லாமல் போனால், முழு நேரச் சிப்பாய்க்கு என்ன தண்டனையோ அதுவே அவருக்கும்.

அழைப்பு வரும்போது

இதுவரை சொன்னது அமைதிக் காலத்துக் கதை. பெண்ணின் தாயார் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

போவார் என்பதே பதில். 1962, 1965, 1971 மூன்று போர்களிலும் பிரதேச ராணுவத்தினர் இருந்திருக்கிறார்கள். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையிலும் இருந்திருக்கிறார்கள். காஷ்மீரிலும் வடகிழக்கிலும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பணியில் வைக்கப்பட்ட பட்டாலியன்கள் உண்டு. அப்போது 'பாதி நேரம்' என்கிற பேச்சே இல்லை.

ரயில்வேக்காரர்களுக்கு இது பழைய அனுபவம். 1974 மே 8-ந் தேதி நாடெங்கும் ரயில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 27 வரை நீடித்தது. அந்தச் சமயத்தில் வண்டிகளை ஓட்டப் பிரதேச ராணுவத்தின் ரயில்வே பிரிவினரை அழைத்தார்கள். சித்திரை, வைகாசி, கல்யாண காலம். ஒரே ஷெட்டில் ஒருவர் வேலைநிறுத்தத்தில், அடுத்தவர் உடுப்பில். அழைக்கப்பட்டவர் வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. சங்கத்தில் அவருக்கு நல்ல பெயரும் கிடைக்காது. (அந்த ரயில்வே ரெஜிமெண்டுகள் ஆறில் ஐந்தைக் கலைத்துவிட்டு, பீகாரில் ஜமால்பூரில் உள்ள ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்று அண்மை ஆண்டுகளில் முடிவாயிற்று.)

மிகச் சமீபத்திய சம்பவம் 2025 மே மாதம். மே 7 அன்று 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியது. அதற்கு முதல் நாள் தேதியிட்ட மத்திய அரசு உத்தரவு, பிரதேச ராணுவத்தின் ஒவ்வோர் அதிகாரியையும் வீரரையும் அழைக்கும் அதிகாரத்தைத் தரைப்படைத் தளபதிக்குக் கொடுத்தது. மொத்தம் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14 பட்டாலியன்களைப் பணிக்கு அழைக்க அனுமதி. தென் மண்டலமும் அந்தப் பட்டியலில் இருந்தது. உத்தரவுக்குக் கெடு 2028 பிப்ரவரி 9 வரை. செய்தி மே 9-ந் தேதி பத்திரிகைகளுக்கு வந்தது. மறுநாள் சண்டை நின்றது.

வைகாசி பிறக்க அப்போது ஒரு வாரம்கூட இல்லை. பத்திரிகை அடித்து, தாலிக்குத் தங்கம் உருக்கியிருந்த வீடுகளில் அந்த ஒரு நாள் எப்படிப் போயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு முழு நேரச் சிப்பாய், தாலி கட்டிய சில நாளிலேயே எல்லைக்குக் கிளம்பியதைப் படத்தோடு போட்டிருந்தார்கள். அவருடைய மனைவி பட்டாளத்துக்காரரைத்தான் மணக்கிறோம் என்று தெரிந்தே மணந்தவர். பீனியா டர்னரைக் கட்டிக்கொள்ளும் பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

இதில்தான் நம் வீடுகளில் தவறு நடக்கிறது. "வருஷத்துக்கு ரெண்டு மாசம் டிரெயினிங், அவ்வளவுதான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். சம்பந்தம் கலைந்துவிடுமோ என்று பயம். அது நியாயமல்ல. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு முதல் கட்டமாக ஏழு வருஷ ஒப்பந்தம். அதில் எத்தனை வருஷம் கழிந்தது, எத்தனை பாக்கி, பட்டாலியன் இப்போது எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட வேண்டும். அதுவும் பெண்ணின் அப்பாவிடம் மட்டும் அல்ல, பெண்ணிடம். நாளை முகாம் காலத்தில் மாமியாரோடு தனியாக இருக்கப்போவது அவள்தானே. தெரிந்தும் சம்மதிக்கிற பெண்கள் உண்டு. நிலையான உத்தியோகம் ஒன்று, அதற்கு மேல் கேன்டீன் வசதியும் மரியாதையும் என்று கணக்குப் பார்க்கிறவர்களும் உண்டு. அது அவர்கள் முடிவு.

இப்போது நிலைமை மாறியும் வரலாம். பிரதேச ராணுவத்தில் பெண்களும் சேரலாம் என்று டெல்லி ஐகோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தது. முகாம் கடிதம் பெண் வீட்டுக்கு வந்து, முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கும் நாளும் வரும்.

சிங்கப்பூரில் எப்படி?

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வீட்டுக்கு வீடு உள்ள விஷயம். அங்கே 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். முழு நேரச் சேவை முடிந்த பிறகும் பல வருஷங்களுக்கு, வருஷத்தில் 40 நாள் வரை திரும்ப அழைக்கலாம். சொந்தக் கல்யாணம் என்றால் ஒத்திவைக்கும்படி விண்ணப்பிக்க முறையான வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நேஷனல் கார்டில் மாதம் ஒரு சனி, ஞாயிறும் வருஷத்தில் இரண்டு வாரமும் பயிற்சி. அங்கே கல்யாணமே பெரும்பாலும் சனிக்கிழமை என்பதால் அவர்களுக்கு வேறு விதமான அவஸ்தை.

நம் ஊரில் மாப்பிள்ளை கையில் இருப்பது ஒரு விண்ணப்பமும், கொஞ்சம் முன்யோசனையும்தான்.

கல்யாணம் முடிந்த கையோடு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பலர் மறந்துவிடுகிறார்கள். கல்யாணத்தைச் சார்-பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, சான்றிதழை வாங்கிப் பட்டாலியன் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அங்கே அதைப் 'பார்ட் டூ ஆர்டர்' என்பதில் ஏற்றுவார்கள். அது ஏறினால்தான் ராணுவக் கணக்கில் அவள் அவருக்கு மனைவி. அதுவரை வாரிசு இடத்தில் பெரும்பாலும் தாயார் அல்லது தகப்பனார் பெயரே இருக்கும். அழைப்பு எந்த நேரத்திலும் வரலாம் என்கிற உத்தியோகத்தில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மறுவீடு, விருந்து எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

தம்பதிகள் சேர்ந்து எடுத்த போட்டோவும் கேட்பார்கள். முகூர்த்தத்தன்று எடுத்த படத்தையே கொடுக்கலாம் என்று நினைத்தால், மாலை முகத்தை மறைக்காத படமாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.