படம் போட்டாச்சு, பூட்டும் போட்டாச்சா?

எங்கள் மொரப்பூரில் ரயிலிலிருந்து யார் இறங்கினார்கள், யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்பது, அவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரிந்த மனிதர்கள் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. முகம் தெரியாத ஊருக்கெல்லாம் நாமே தண்டோரா போடுவானேன், சகோதரிகளே?

போன மாதம் என் நாத்தனார் மகள், எல்.கே.ஜி. படிக்கும் பையனோடு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டாள். பையன் பள்ளிச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க நிற்கிறான். கூடவே, "என் தங்கத்துக்கு இன்றோடு நாலு வயசு. ஒரு வாரம் மாமா வீட்டில் ஜாலி!" என்று எழுதியிருந்தாள்.

"ஏண்டி, இதை யாரெல்லாம் பார்ப்பாங்க?"

"என் ஃபிரண்ட்ஸ்தான் அத்தை, வேற யாரு பார்க்கப் போறாங்க?"

படத்தின் மேலே, அவள் பெயருக்குக் கீழே, சின்னதாக ஓர் உலக உருண்டை இருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். பையனின் பெயர், பள்ளி, பிறந்த நாள், வீடு ஒரு வாரம் பூட்டிக் கிடக்கும் என்ற சேதி எல்லாமே ஒரே படத்தில்! பள்ளி வாசலில் நின்று, "அம்மா அனுப்பிச்சாங்க, வா கண்ணு" என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவனுக்கு இது போதாதா?

உருண்டையைத் தொட்டு, 'நண்பர்கள்' என்று மாற்றினோம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

முகப்புப் படத்துக்கு ஒரு காவல் வசதியை 2017-ல் ஃபேஸ்புக் முதன்முதலில் நம் நாட்டில்தான் கொண்டுவந்தது. நம் பெண்கள் முகத்தைப் போடவே பயந்து பூவும் கோலமும் போட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். 2020-ல் கணக்கு முழுவதையும் பூட்டிவைக்கும் வசதியும் வந்தது. பூட்டிவிட்டால் நண்பர் அல்லாதவர்கள் நம் படங்களையும் பதிவுகளையும் பார்க்க முடியாது. வாட்ஸ்ஆப்பிலும் முகப்புப் படத்தை யார் பார்க்கலாம் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை 'என் தொடர்புகள்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டு மட்டும் போதாது. கொடுக்காமலிருப்பதும் வேண்டும். 2021 ஏப்ரலில், ஃபேஸ்புக்கில் இருந்த சுமார் 53 கோடிப் பேரின் செல் நம்பர்கள் இணையத்தில் கொட்டிக் கிடந்தன. அதில் இந்தியர்கள் மட்டும் ஏறத்தாழ 60 லட்சம். பலருடைய பிறந்த தேதியும் அதில் இருந்தது. "பேங்க்கிலேர்ந்து பேசறோம்மா" என்று நம் பெயரையும் பிறந்த தேதியையும் ஒருவன் கரெக்டாகச் சொன்னால், பாதி நம்பிக்கை நமக்கு அங்கேயே வந்துவிடுகிறதே! கேட்கிற கட்டத்தையெல்லாம் நிரப்பித்தான் ஆகவேண்டும் என்று சட்டமா என்ன?

இனி சொல்லப்போவது மனசுக்குக் கஷ்டமான விஷயம். 2016 ஜூனில், பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் ஒரு பட்டதாரிப் பெண்ணின் முகத்தை வேறு உடலோடு ஒட்டி, ஃபேஸ்புக்கில் போட்டான் ஒருவன். குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். விசாரணை இழுத்துக்கொண்டே போக, இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனாள். பிறகு மாவட்ட போலீஸ் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார், குற்றவாளியும் பிடிபட்டான். என்ன பிரயோசனம்?

இன்றைக்கு ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும், கம்ப்யூட்டரே பொய்ப் படம் தயாரித்துவிடுகிறது. கல்யாண ஆல்பத்திலிருந்துகூட எடுப்பான். அதனால் உங்கள் மகளோ, மருமகளோ, நாத்தனாரோ அழுதுகொண்டு வந்து நின்றால், "நீ ஏன் போட்டோ போட்டே?" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். "நான் இருக்கேன், வா பார்த்துக்கலாம்" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கவேண்டும். படுக்கும்போதும் அவளைத் தனியே விடாதீர்கள்.

பதறிப்போய் எதையும் அழிக்கவும் வேண்டாம். அந்தப் பக்கம் தேதியோடும் முகவரியோடும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அதே தளத்தில் 'புகார்' பொத்தானை அழுத்துங்கள். மிரட்டிப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான். நமக்குத் தருமபுரியிலேயே சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. பணம் ஏமாந்திருந்தால் 1930-க்கு உடனே போன் செய்யவேண்டும். ஸ்டேஷன் படியேறக் கூச்சமாக இருந்தால், மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே எழுதலாம். இப்படிப்பட்ட ஆபாசப் படக் குற்றங்களுக்கு அங்கே பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள்.