அந்த ஒரு சீட்டு வருமா?

போக்கர் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இரண்டு சீட்டுகள், மேசையில் திறந்த நான்கு சீட்டுகள். சேர்த்துப் பார்த்தால் நான்கு இஸ்பேட். இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் திறக்க வேண்டும். அதுவும் இஸ்பேட்டாக இருந்தால் மேசையில் உள்ள பணம் அநேகமாக உங்களுக்குத்தான். இன்னும் கொஞ்சம் போடலாமா?

எண்ணிப் பார்ப்போம். கட்டில் 52 சீட்டுகள். நீங்கள் பார்த்தவை 6, பார்க்காதவை 46. அவற்றில் மீதமுள்ள இஸ்பேட் 9. அப்படியென்றால் ஐந்து முறை காத்திருந்தால் ஏறக்குறைய ஒரு முறை வரும், நான்கு முறை வராது. 5, 6, 8, 9 வைத்துக்கொண்டு நடுவில் ஒரு 7 வரட்டும் என்று காத்திருப்பவருக்கு 46-இல் நான்கே சீட்டுகள். அவருக்குப் பதினொரு முறைக்கு ஒரு முறைகூடச் சரியாக அமையாது.

ஆனால் அந்த 7 வந்து விழுந்த இரவைத்தான் பத்து வருடம் கழித்தும் பேசுவோம். வராமல் போன இரவுகளை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

உங்களில் பலர் போக்கர் ஆடாதவர்களாக இருக்கலாம். புதன், சனி, ஞாயிறு குலுக்கல்களுக்கு 4டி சீட்டு எடுப்பவராக இருந்தால், இதே கணக்கு அங்கேயும் உண்டு. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை 23. முதல் பரிசு ஒன்றே ஒன்று. வாரம் மூன்று குலுக்கலுக்கும் ஒரே எண்ணை எடுத்தால், முதல் பரிசு விழச் சராசரியாக 64 ஆண்டுகள் ஆகும். சரி, பத்தாயிரம் எண்களையும் நீங்களே ‘பிக்’ வகையில் ஒவ்வொரு வெள்ளிக்கு வாங்கிவிட்டால்? எல்லாப் பரிசும் உங்களுக்கே. கொடுத்தது 10,000 வெள்ளி, கிடைப்பது 6,590 வெள்ளி.

“இந்த நம்பர் ரொம்ப நாளாக விழவில்லை, இனி விழுந்துதான் ஆக வேண்டும்” என்பார்கள். சீட்டாட்டத்தில் பழகியவர்களுக்கு இந்த எண்ணம் எளிதில் வரும். சீட்டில் ஒரு ராஜா வெளியே வந்துவிட்டால் கட்டில் ராஜா குறைந்துவிடுகிறது, அதனால் கணக்கு மாறும். குலுக்கலில் அப்படியில்லை. ஒவ்வொரு முறையும் எல்லா எண்களும் மறுபடி உள்ளே போகின்றன. போன வாரம் விழுந்த எண்ணுக்கும், இருபது வருடமாக விழாத எண்ணுக்கும், கனவில் வந்த எண்ணுக்கும், விபத்துக்குள்ளான காரின் எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றேதான்.

நீங்கள் 4726 எடுத்து 4725 விழுந்தால் மனம் துடிக்கும். அது வெறும் தோல்வி என்று மூளை எடுத்துக்கொள்வதில்லை. ஜெயித்தது போன்ற ஒரு பரபரப்பு எழுந்து, அடுத்த முறையும் எடுக்கச் சொல்கிறது. “கிட்டத்தட்ட விழுந்தது” என்பதற்குப் பரிசு கிடையாது.

மூத்தோர் பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். பார்க்கின்சன் நோய்க்கும், இரவில் கால்கள் நிலைகொள்ளாமல் தவிக்கும் பிரச்சினைக்கும் தரப்படும் சில மருந்துகள் (பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை) சிலருக்குச் சூதாடும் வேட்கையைத் தூண்டலாம். வாழ்நாளில் சூதாடாதவருக்கும் இது நேரலாம். மருந்து தொடங்கிய பிறகோ அளவு கூடிய பிறகோ இந்த மாற்றம் வந்திருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

மருந்து வாங்க வைத்திருந்த பணத்தில் சீட்டு எடுக்கிறீர்களா? சீட்டுகளைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் மறைக்கிறீர்களா? விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பில் தூக்கம் வராமல் கிடக்கிறீர்களா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668. சூதாடுபவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம். சூதாட்டக்கூடத்துக்குள் தம்மை அனுமதிக்கக் கூடாது என்று நீங்களே விண்ணப்பிக்க வழி உண்டு. நெருங்கிய குடும்பத்தினரும் உங்களுக்காக அதைக் கேட்க முடியும். பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை போகும்போது, சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றிச் சொல்வதுபோல் இதையும் மருத்துவரிடம் சொல்லலாம்.