கீறல் இல்லாமல் கரையும் கல்

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயின் நீளம் 25 முதல் 30 செ.மீ. வரை. உள்விட்டமோ 3, 4 மி.மீ.தான். சிறுநீரகத்தை விட்டுப் புறப்படும் இடத்திலும், இடுப்பருகே பெரிய இரத்தக்குழாய்களைக் கடக்கும் இடத்திலும், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்திலும் அது இன்னும் குறுகும். கல் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். வெளியேற முடியாத சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்க, விலாவில் கிளம்பும் வலி அடிவயிறு வரை இறங்கி ஆளைப் புரட்டிப் போடும்.

எல்லாக் கல்லையும் கருவி கொண்டு எடுக்க வேண்டியதில்லை. 5 மி.மீ.க்குக் குறைவானவை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வெளியேறிவிடும். வாழைத்தண்டுச் சாறு குடித்ததில் விழுந்ததாகச் சொல்லப்படும் கற்களில் பலவும் இந்த ரகம்தான். 10 மி.மீ.க்கு மேற்பட்ட கல் தானாக இறங்குவது அரிது.

ஒரு காலத்தில் அத்தகைய கல்லை எடுக்க விலாவுக்குக் கீழே நீளமாகக் கீற வேண்டியிருந்தது. 1912-இல் அமெரிக்க மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங், ஒரு குழந்தையின் விரிந்துபோன சிறுநீர்க்குழாய்க்குள் உள்நோக்குக் கருவியைச் செலுத்திப் பார்த்தார். ஆனால் சிறுநீரகம் வரை எட்டும் நீளமான கருவி, 1980-ஐ ஒட்டி ஸ்பெயினின் பெரெஸ் காஸ்ட்ரோ வடிவமைத்த பிறகே புழக்கத்துக்கு வந்தது.

இத்தகைய கருவியால் கல்லை எடுக்கும் சிகிச்சை முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கத்திலோ நடக்கிறது. சிறுநீர் கழிக்கும் வழியாகவே கருவி உள்ளே போவதால் உடலில் எங்கும் கத்தி படுவதில்லை. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் சிறு பிளவாகத் தெரியும் சிறுநீர்க்குழாயின் வாயில் முதலில் மெல்லிய கம்பி நுழைகிறது. அதை ஒட்டியே சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள யூரெட்டெரோஸ்கோப் என்ற உள்நோக்குக் கருவி மேலேறும். பார்வை தெளிவாக இருப்பதற்காக உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் கல் தெரிந்ததும் லேசர் இழை அதைத் தொடுகிறது. ஹோல்மியம் லேசரின் ஆற்றலைத் தண்ணீர் அரை மி.மீ. தூரத்துக்குள் உறிஞ்சிவிடுகிறது. அதனால்தான் கல் நொறுங்கும்போதும், கவனமாகக் கையாண்டால், பக்கத்துச் சுவருக்குக் காயமில்லை. தூளானது சிறுநீரோடு போய்விடும். துண்டுகளைச் சிறு கம்பிக்கூடையில் பிடித்து எடுப்பார்கள். அண்மைக்காலமாகத் தூலியம் லேசரும் பயன்படுகிறது.

கல் சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தால் வளையும் ஸ்கோப் தேவை. அதன் நுனி சுமார் 270 டிகிரி திரும்பி, சிறுநீரகத்தின் கிண்ணம் போன்ற உள்ளறைகளை எட்டிப் பார்க்கும். 2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு இது பொதுவாக முதல் தேர்வல்ல. முதுகுப்புறத்தில் சிறு துளையிட்டு எடுப்பதே அதற்கு ஏற்றது. 1976-இல் ஸ்வீடனில் விவரிக்கப்பட்ட முறை அது.

அடைப்போடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் நிலைமை வேறு. தேங்கிய சிறுநீரில் பெருகும் கிருமி சில மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது கல்லில் கை வைக்காமல், சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைப் பொருத்தியோ சிறுநீரகத்தில் துளையிட்டோ சிறுநீரை வடித்துவிடுவார்கள். கிருமி அடங்கிய பிறகே கல் எடுக்கப்படும். இந்தத் தாமதம் நோயாளியின் உயிரைக் காப்பதற்காகத்தான்.

சிகிச்சை முடிந்ததும் வீக்கத்தால் குழாய் அடைத்துக்கொள்ளாதிருக்கப் பலருக்கு டிஜே ஸ்டென்ட் வைப்பார்கள். இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாய் இது. இது உள்ளே இருக்கும் நாட்களில் அடிக்கடி சிறுநீர் முட்டும். கழிக்கும்போது விலாவில் வலிக்கும். கொஞ்சம் இரத்தமும் வரலாம். பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ இதை எடுத்துவிடுவார்கள். வலி போய்விட்டதென்று அப்படியே மறந்துவிட்டால், மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் ஸ்டென்டின் மீதே உப்பு படிந்து கல்லாகும். பிறகு அதை எடுக்கவே தனி அறுவை தேவைப்படும். ஆகவே வீடு திரும்பும் முன், ஸ்டென்ட் வைக்கப்பட்டதா, எந்தத் தேதியில் எடுக்கப்படும் என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது அவசியம்.